மூன்று துப்பாக்கி, ஒரு கடிகாரம்: மல்டிகன் போட்டியைப் புரிந்துகொள்ள

பொங்கலுக்குக் காட்பாடி வந்திருந்த அக்கா மகன் போனை நீட்டி ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவில் எங்கோ ஒரு வெட்டவெளி. ஒருவர் ஓடுகிறார், நீளத் துப்பாக்கியால் சுடுகிறார், அதை ஒரு டிரம்முக்குள் போடுகிறார், இடுப்பிலிருந்து கைத்துப்பாக்கியை எடுக்கிறார், மறுபடி ஓடுகிறார். "மாமா, இது நிஜமாவே போட்டியா, இல்ல ஷூட்டிங்கா?" என்று கேட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ராணுவப் பயிற்சி என்றார் ஒருவர். யார் வேகமாகச் சுடுகிறாரோ அவருக்குத்தான் பரிசு என்றார் இன்னொருவர். ஒலிம்பிக்கில்கூட இருக்கிறதே என்று அடித்துச் சொன்னார் மூன்றாமவர். மூன்றுமே தப்பு.

இந்த ஆட்டத்துக்கு மல்டிகன் என்று பெயர். பெரும்பாலும் மூன்று வகைத் துப்பாக்கி என்பதால் த்ரீகன் என்றும் சொல்வார்கள். நான் துப்பாக்கி வீரன் இல்லை. என்சிசியில் இருந்தபோது .22 ரைஃபிளால் சுட்டதோடு சரி. அப்புறம் ஆர்வத்தில் விதிகளைப் படித்தேன், வீடியோக்களைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று பிடிபட்டது. இதில் குண்டு பாய்கிற நேரம் கொஞ்சம்தான். ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவில் நடப்பதுதான் ஆட்டம். என்ன கருவி வாங்குவது, எப்படிப் பாதுகாப்பாக நடப்பது, போட்டியை எப்படி நடத்துவது எல்லாமே அந்த இடைவெளியைச் சுற்றித்தான் வருகின்றன.

எருது விடும் விழாவும் பீப் ஒலியும்

வேலூரைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நம் ஊர்களில் எருது விடும் விழா நடக்கிறதல்லவா? மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு மாதிரி இங்கே மாட்டை யாரும் கட்டித் தழுவுவதில்லை. தெருவின் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டி மாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுகிறார்கள். குறித்த தூரத்தை எந்த மாடு குறைந்த நொடியில் கடக்கிறதோ அதற்கு முதல் பரிசு. மாட்டுக்கும் மாட்டுக்கும் போட்டி இல்லை, மாட்டுக்கும் கடிகாரத்துக்கும்தான் போட்டி.

மல்டிகன்னும் அப்படித்தான். களத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் சுடுவார். அந்தக் களத்துக்கு ஸ்டேஜ் என்று பெயர். குண்டுகளை வாங்கிக்கொள்ள உயரமான மண்மேடு, அதற்கு முன்னால் பலகைத் தடுப்புகள், ஜன்னல் மாதிரி ஓட்டைகள், டிரம்கள், நடுவே இலக்குகள். இலக்குகளில் அட்டை உண்டு, அடித்தால் விழும் இரும்புத் தகடு உண்டு, களிமண் தட்டும் உண்டு. புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டைச் சுடும் டிராப் போட்டியில் சுட்டாரே, அந்த மாதிரித் தட்டுதான்.

நேரத்தை அளப்பது ஷாட் டைமர் என்ற கையடக்கப் பெட்டி. அதற்குள் ஒரு மைக் இருக்கிறது. முதலில் 'பீப்' என்று ஒலிக்கும். அதன்பின் ஒவ்வொரு வெடிச் சத்தத்தையும் கேட்டு நேரம் குறித்துக்கொள்ளும். கடைசி வெடி கேட்ட நொடிதான் உங்கள் நேரம்.

வேகமாகச் சுடுபவர் ஜெயிப்பார் என்பது இங்கேதான் அடிபடுகிறது. தவறவிட்ட ஒவ்வொரு இலக்குக்கும் நேரத்தைக் கூட்டுவார்கள். எத்தனை நொடி என்பது போட்டிக்குப் போட்டி மாறும். 5 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 42 நொடியில் முடித்தார், இரண்டு இலக்கு தப்பியது. அவர் கணக்கு 52. இன்னொருவர் நிதானமாக 48 நொடி எடுத்துக்கொண்டார், ஒன்றும் தப்பவில்லை. ஜெயித்தது இவர். பல போட்டிகளில் முதல் ஆளுக்கு 100 புள்ளி கொடுத்து, மற்றவர்களுக்கு அந்த விகிதத்தில் பிரிப்பார்கள். 48 நொடிக்கு 100 என்றால் 60 நொடிக்கு 80. எல்லா ஸ்டேஜ் புள்ளிகளையும் கூட்டினால் வெற்றியாளர் தெரிந்துவிடும்.

ஒலிம்பிக் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது 50 மீட்டர் ரைஃபிள் த்ரீ பொசிஷன். அது ஒரே ரைஃபிளை மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடுவது. நிலைகள்தான் மூன்று, துப்பாக்கி ஒன்றே ஒன்று. மல்டிகன் ஒலிம்பிக்கில் இல்லை. அது பிராக்டிகல் ஷூட்டிங் என்ற வேறு குடும்பத்துப் பிள்ளை. ஓடிக்கொண்டும் நகர்ந்துகொண்டும் சுடும் விளையாட்டுகளுக்கு அந்தப் பெயர். அதன் உலக அமைப்பு 1976-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் தொடங்கியது. லத்தீனில் அவர்கள் வைத்துக்கொண்ட மூன்று சொல் முழக்கத்தில் துல்லியத்துக்கான சொல் முதலில் வருகிறது, வேகத்துக்கான சொல் கடைசியில்.

சுருக்கமாக: ஒரு நேரத்தில் ஒருவர், எதிரே கடிகாரம், தப்பினால் நொடி கூடும்.

ஏன் மூன்று துப்பாக்கி?

தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஹோஸ் பைப்பின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் ஒரே கோடாகத் தூரத்துத் தென்னை வரை போகும். பூவாளியைச் சாய்த்தால் பக்கத்துப் பாத்தி முழுக்கத் தூவும். சொம்பில் மொண்டு ஊற்றினால் காலடியில் இருக்கிற துளசிக்கு மட்டும்.

ரைஃபிள் ஹோஸ் பைப் மாதிரி. அதன் குழலுக்குள் சுருள் சுருளாக வரிப்பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். குண்டு அதில் சுழன்றுகொண்டே வெளியேறுவதால், நன்றாகச் சுற்றிவிட்ட பம்பரம் மாதிரி ஆடாமல் தூரம் போகும். ஷாட்கன் பூவாளி. நம் பக்கம் 'பன்னிரண்டு போர்' என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலும் உள்ளே வரிகள் கிடையாது. ஒரு தோட்டாவுக்குள் ஏகப்பட்ட சிறு ரவைகள், வெளியே வந்ததும் விரியும். பிஸ்டல் சொம்பு. சிறியது, கிட்டத்தில் பயன்படும், இடுப்பில் கிடக்கும்.

எந்த இலக்கை எதால் அடிக்க வேண்டும் என்று ஸ்டேஜ் அமைப்பவரே சொல்லிவிடுவார். சில இடங்களில் மட்டும் உங்கள் விருப்பத்துக்கு விடுவார்.

கருவி: விலையை விட வேலை

புதிதாக வருபவர் கேட்கும் முதல் கேள்வி, எந்தத் துப்பாக்கி நல்லது என்பது. விவரம் தெரிந்தவர்கள் திருப்பிக் கேட்பார்கள்: நீங்கள் எந்த டிவிஷன்? டிவிஷன் என்றால் கருவியை வைத்துப் பிரிக்கும் பிரிவு. கபடியில் எடைப் பிரிவு இருக்கிற மாதிரி. குறி பார்க்கத் துப்பாக்கி மேல் மாட்டும் கண்ணாடி எத்தனை, எந்த வகை, ஷாட்கன்னில் எத்தனை தோட்டா கொள்ளும் என்பதை வைத்து இவர்கள் பிரிக்கிறார்கள். ஓப்பன் பிரிவில் கிட்டத்தட்ட எல்லாம் செல்லும். டாக்டிகல் பிரிவில், பொதுவாக, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி ரைஃபிளில் மட்டும் ஒன்று. ஹெவி மெட்டல் பிரிவு பெரிய குண்டுப் பிரியர்களுக்கு. பிரிவைத் தேர்ந்தெடுக்காமல் கடைக்குப் போவது, மாப்பிள்ளை யாரென்று தெரியாமல் சட்டை தைக்கக் கொடுப்பது மாதிரி.

அடுத்தது, சிக்காமல் ஓடுகிற துப்பாக்கி. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் தோட்டா பாதியில் சிக்கி நின்றால் அதைச் சரிசெய்வதற்குள் பத்து நொடி ஓடிவிடும். விலை உயர்ந்த விசை, அதாவது ட்ரிக்கர், மிச்சப்படுத்தித் தருவதோ நொடியில் ஒரு துளி. புதியவருக்குச் சாதாரணத் துப்பாக்கியே போதும், ஆனால் அதற்குப் பழகிய தோட்டாவைக் கடைசி வரை மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

உண்மையில் நேரம் கரைவது ஷாட்கன்னில். ரைஃபிளிலும் பிஸ்டலிலும் மேகசின் உண்டு. மேகசின் என்பது தோட்டாக்களை அடுக்கிவைத்த பெட்டி. காலியானால் கழற்றிவிட்டு அடுத்ததைச் சொருகினால் ஆயிற்று. பெரும்பாலான ஷாட்கன்களிலோ குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் இருக்கும். அதற்குள் தோட்டாவை விரலால் தள்ளித்தான் ஏற்ற வேண்டும். தேர்ந்தவர்கள் இடுப்புப் பட்டையிலிருந்து நான்கு தோட்டாவை ஒரே பிடியில் உருவி, இரண்டிரண்டாகத் தள்ளுவார்கள். பூ கட்டுபவர் கை இரண்டு இரண்டாகப் பூ எடுத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த ஓட்டம் இதில் தெரியும். இதை வீட்டில் டம்மி தோட்டா வைத்து, வெடிமருந்து வாசனையே படாமல், மாதக்கணக்கில் பழகுகிறார்கள். வீடியோவில் யாரும் பார்க்காத இடம் இது.

பிஸ்டல் உறை பற்றி ஒரு வார்த்தை. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது தோலாக இருக்கும் என்றுதான் தோன்றும். போட்டிக்காரர்கள் பெரும்பாலும் போடுவது கெட்டியான பிளாஸ்டிக் உறை. குட்டிக்கரணம் அடித்தாலும் துப்பாக்கி நழுவக் கூடாது. உருவிய பிறகு உறையின் வாய் சுருங்கவும் கூடாது. தோல் நாளாக நாளாகத் தளரும். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு. இவை இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், பார்க்க வந்தவரையும்தான். இரும்புத் தகட்டில் பட்ட ஈயம் தெறித்துத் திரும்பி வரும். அதனால்தான் தகடுகளுக்குக் குறைந்தபட்சத் தூரம் வைத்திருக்கிறார்கள். ரைஃபிளுக்கு அது பிஸ்டலை விடப் பல மடங்கு. சில போட்டிகளில் வாசலிலேயே ஒருவர் காந்தத்தோடு நிற்பார். உங்கள் ரைஃபிள் தோட்டாவின் குண்டில் காந்தம் ஒட்டினால் அதில் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம்; அது தகட்டைக் குழியாக்கும், குழியில் பட்ட அடுத்த குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. ஒட்டினால் அந்தத் தோட்டாவுக்கு அனுமதி இல்லை.

பாதுகாப்பு: மூங்கிலோடு லாங் பஜாருக்குள்

வீடியோவைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நினைப்பது, தோட்டா ஏறிய துப்பாக்கிகளோடு ஒரு கூட்டம் அலைகிறது என்று. நிஜம் அதற்கு நேர்மாறு. இந்த மைதானங்களைக் கோல்டு ரேஞ்ச், குளிர்ந்த களம், என்பார்கள். அதாவது, உங்கள் முறை வந்து அதிகாரி சொல்லும்வரை எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருக்கக் கூடாது. ரைஃபிளையும் ஷாட்கன்னையும் எடுத்துக்கொண்டு நடக்கும்போது, தோட்டா உட்காரும் அறைக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கொடி சொருகியிருக்கும். தூரத்திலிருந்தே தெரியும், உள்ளே காலி என்று. பிஸ்டல் உறையில் காலியாகக் கிடக்கும். அதைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒதுக்கிய மேசைக்குப் போக வேண்டும். அந்த மேசையில் தோட்டாவைக் கையில் எடுத்தாலே வெளியேற்றம்.

அடுத்தது, எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் 180 டிகிரி விதி. சனிக்கிழமை சாயங்காலம் வேலூர் லாங் பஜாரில் தோளில் நீள மூங்கிலோடு நடக்கிறீர்கள். யாரோ கூப்பிடுகிறார்கள். சட்டென்று திரும்பினால் என்ன ஆகும்? நீங்கள் திரும்பியது தலையைத்தான், ஆனால் மூங்கிலின் முனை பத்துப் பேர் மண்டையைத் தட்டிவிட்டுத்தான் நிற்கும். துப்பாக்கிக் குழலின் முனையிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூங்கில் நீண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மறுமுனை எங்கோ கண்ணுக்கு எட்டாத தூரத்தில்.

இப்போது மண்மேட்டைப் பார்த்து நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். உங்கள் இடது கை விரலிலிருந்து வலது கை விரல் வரை ஒரு கோடு. குழலின் முனை எப்போதும் அந்தக் கோட்டுக்கு முன்னால், மேட்டுப் பக்கம்தான் இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டிப் பின்னால் வந்தால், சுட்டீர்களோ இல்லையோ, அன்றைய போட்டி உங்களுக்கு முடிந்தது. கவனிக்க வேண்டியது, கோடு உங்கள் உடம்போடு திரும்பாது. நீங்கள் எந்தப் பக்கம் ஓடினாலும் அது மேட்டுக்கு இணையாகவே இருக்கும், உங்களோடு முன்னும் பின்னும் மட்டும் நகரும். பக்கவாட்டில் திரும்பி ஓடும்போதுதான் முனை தன்னையறியாமல் பின்னால் வந்துவிடும். அனுபவசாலிகளே வழுக்குகிற இடம் இது.

விரலுக்கும் ஒரு விதி. குறி வைத்துச் சுடும்போது தவிர மற்ற நேரமெல்லாம், ஓடும்போதும் தோட்டா ஏற்றும்போதும் சிக்கலைச் சரிசெய்யும்போதும், விசைக்கூண்டுக்கு வெளியே. விசைக்கூண்டு என்பது விசையைச் சுற்றியிருக்கும் வளையம். கால் தடுக்கினால் கை தானாக இறுகும். விரல் உள்ளே இருந்தால் குண்டு போய்விடும். வெளியே இருந்தால் வெறும் சிராய்ப்போடு போகும்.

மல்டிகன்னுக்கே உரிய சிக்கல், துப்பாக்கி மாற்றுவது. ரைஃபிளால் சுட்டு முடித்தாயிற்று, அடுத்து பிஸ்டல். ரைஃபிளை எங்கே வைப்பது? அதற்குத்தான் அந்த டிரம். அக்கா மகன் வீடியோவில் அதில் தூக்கிப் போட்ட மாதிரித் தெரிந்தது. மெதுவாக ஓட்டிப் பார்த்தால், டிரம்முக்குள் விடுவதற்கு ஒரு கணம் முன்பு அவர் கட்டைவிரல் சேஃப்டியைத் தள்ளுவது தெரியும். சேஃப்டி என்பது விசையைப் பூட்டிவைக்கும் சின்ன நெம்பு. துப்பாக்கி முழுக்கக் காலியாக இருக்க வேண்டும், அல்லது சேஃப்டி போட்டிருக்க வேண்டும். முனை சொன்ன திசையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியேற்றம். வண்டியை கியரில் ஓடவிட்டபடி ஸ்டாண்டு போட்டுவிட்டு டீக்கடைக்குள் போக முடியுமா?

கீழே விழுந்த துப்பாக்கியைப் பற்றிச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஸ்டேஜுக்கு வெளியே காலித் துப்பாக்கி கை தவறி விழுந்தால், விழவைத்தவர் அதை எடுக்கக் கூடாது. அதிகாரிதான் எடுத்துச் சோதித்துத் தருவார். விழும் பொருளைப் பிடிக்கவும் பொறுக்கவும் கை தன்னால் பாயும்; அந்தப் பாய்ச்சலில் விரல் எங்கே போய்ப் பதியும் என்று யாருக்கும் தெரியாது.

இதுவரை: முறை வரும்வரை காலி, முனை மேட்டுப் பக்கம், விரல் வெளியே, கைவிடும் முன் பூட்டு. நான்குமே சுடாத நேரத்துக்கான விதிகள் என்பதைப் பார்த்தீர்களா?

போட்டி நாள் எப்படி நடக்கும்?

வந்தவர்களைப் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஸ்குவாடுகளாகப் பிரிப்பார்கள். ஸ்குவாடு என்றால் நாள் முழுக்கச் சேர்ந்தே நகரும் குழு. ஸ்டேஜுக்குப் போனதும் அங்குள்ள அதிகாரி எழுதிவைத்த குறிப்பை வாசிப்பார்: எங்கிருந்து தொடக்கம், எந்த இலக்கு எதற்கு, துப்பாக்கியை எங்கே வைக்க வேண்டும். அப்புறம் சில நிமிடம் எல்லாரும் வெறுங்கையோடு களத்துக்குள் நடந்து பார்க்கலாம். விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டி, வாய்க்குள் எண்ணிக்கொண்டு, பெரிய மனிதர்கள் ஆளாளுக்கு நடப்பது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் பாதி ஆட்டம் அங்கே முடிந்துவிடுகிறது; எங்கே நின்று தோட்டா ஏற்றுவது என்று முடிவு செய்யாதவர் பீப் அடித்த பிறகு யோசித்துக்கொண்டிருப்பார்.

சுடுபவரின் தோளுக்குப் பின்னாலேயே நகரும் அதிகாரிக்கு ரேஞ்ச் ஆபீசர் என்று பெயர். அவர் பார்ப்பது இலக்கை அல்ல, துப்பாக்கியையும் விரலையும். அவர் சொல்லும் கட்டளைகள் பிராக்டிகல் ஷூட்டிங் நடக்கும் நாடுகளில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் ஒலிக்கும். 'லோட் அண்ட் மேக் ரெடி' என்றால்தான் தோட்டா ஏற்றலாம். 'ஆர் யூ ரெடி', 'ஸ்டாண்ட் பை', பிறகு பீப். முடிந்ததும் 'அன்லோட் அண்ட் ஷோ கிளியர்'. காலி அறையை அவர் கண்ணுக்குக் காட்ட வேண்டும். டிரம்மில் கிடக்கும் துப்பாக்கிகளையும் சோதித்து எடுத்த பிறகுதான் ஸ்டேஜ் மறுபடி எல்லாருக்கும் திறக்கும். நடுவில் 'ஸ்டாப்' என்ற குரல் கேட்டால், அப்படியே உறைந்து நிற்க வேண்டும்.

ஸ்டேஜ் திறந்ததும் மற்றவர்கள் வேலை ஆரம்பம். அட்டையின் ஓட்டைகளில் ஸ்டிக்கர் ஒட்டுவது, விழுந்த தகடுகளை நிமிர்த்துவது, புதுத் தட்டு வைப்பது. கூலிக்கு ஆள் கிடையாது, போட்டியாளர்களே செய்ய வேண்டும். ஒருவர் சுடுவது ஒரு நிமிடம், திரும்ப அடுக்குவது நான்கு நிமிடம் என்று போட்டாலும் பத்துப் பேருக்கு 50 நிமிடம். ஐந்து ஸ்டேஜ் என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல். அதில் நீங்கள் சுட்டது மொத்தம் ஐந்து நிமிடம். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறாமல் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து எழுந்து போகிறவருக்கு என்ன பெயரோ, அதே பெயர்தான் இங்கே ஸ்டிக்கர் ஒட்ட வராதவருக்கும்.

நம் ஊரில் முடியுமா?

நேராகச் சொல்லிவிடுகிறேன்: வீடியோவில் பார்த்த மாதிரி முடியாது. 1959 ஆயுதச் சட்டமும் 2016 விதிகளும் பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களையும் 9 மி.மீ. பிஸ்டலையும் தடைசெய்யப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன. செமி ஆட்டோமேட்டிக் என்றால், விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு, அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். மல்டிகன்னின் அடிப்படையே அந்த இரண்டும்தான். அதோடு 2019 திருத்தம் சாதாரண உரிமதாரர் வைத்திருக்கும் துப்பாக்கிகளின் உச்ச எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டது. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஜவ்வாது மலைப் பக்கம் போலீசார் பறிமுதல் செய்த செய்தி அவ்வப்போது பேப்பரில் வருகிறது.

ஆனால் ஆட்டத்தின் அடிப்படைகளைக் கற்க மல்டிகன்தான் வேண்டும் என்றில்லை. ரைஃபிள் சங்கங்களில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இருக்கிறது, .22 இருக்கிறது. 2008-இல் அபினவ் பிந்த்ரா பெய்ஜிங்கில் தங்கம் வென்றது ஏர் ரைஃபிளில்தான். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு என்சிசி இருக்கிறது.

எங்கள் என்சிசி சுடும் நாள் இன்னும் நினைவிருக்கிறது. தார்ப்பாயில் குப்புறப் படுத்து ஆளுக்கு ஐந்து தோட்டா. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அப்புறம் காலித் தோட்டாக்களை எண்ணினார் ஹவில்தார். ஒன்று குறைந்தது. வேலூர் வெயிலில், மத்தியான நேரத்தில், நாற்பது பேரும் வரிசையாகக் குனிந்து புல்லை விரலால் கோதிக்கொண்டே நகர்ந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து ஒருவன் சாக்ஸ் மடிப்பிலிருந்து விழுந்தது அந்தப் பித்தளைத் துண்டு. அன்று எவ்வளவு எரிச்சல் வந்தது! சுட்டதற்கு ஒரு பங்கு நேரம், மற்றதற்கு இருபது பங்கு என்ற கணக்கு அப்போது எனக்குப் புரியவில்லை.

இதையெல்லாம் அக்கா மகனுக்குச் சொல்லிவிட்டு, வீடியோவைச் சத்தமில்லாமல் ஓட்டி, இலக்கைப் பார்க்காமல் சுடுபவரின் வலது கையை மட்டும் பார்க்கச் சொன்னேன். இரண்டு முறை ஓட்டினான். மூன்றாவது முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். "மாமா, ஓடும்போதெல்லாம் விரல் நேரா நீட்டிக்கிட்டே இருக்கு. ஒரு தடவைகூட மடக்கல."